முகவரிப் புத்தகத்தில் யார் யாரைப் பார்க்கலாம்: ஒரு நிகழ்வு ஆய்வு

விற்பனைப் பிரிவின் தலைவர் அன்று மதியம் என் மேசைக்கே வந்துவிட்டார். ஏதாவது வேலை என்றால் போன் செய்வார், இல்லையென்றால் யாரிடமாவது டிக்கெட் போடச் சொல்வார். நேரில் வந்ததே இல்லை. கையில் திறந்த லேப்டாப், அதில் அவுட்லுக் என்ற அஞ்சல் மென்பொருளின் முகவரிப் புத்தகம். தன் பிரிவில் யாரையோ தேடப்போனவர், பதவி என்ற பத்தியில் 'தலைவர், விற்பனை' என்று இரண்டு வரி இருப்பதைப் பார்த்திருக்கிறார். ஒன்றுக்கு நேரே அவர் பெயர். இன்னொன்றுக்கு நேரே அவர் கேள்விப்படாத ஒரு பெயர்.

"ஒரே பதவிக்கு ரெண்டு பேரு போட்டிருக்கே தம்பி. இதுல நான் யாரு?" என்றார்.

அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்த அஞ்சல் பெட்டியை மூன்று நாள் முன்பு திறந்தது நான்தான். மனிதவளப் பிரிவு அனுப்பிய படிவத்தில் பெயர், பதவி, பிரிவு எல்லாம் இருந்தன. சேரும் தேதி மட்டும் பதினைந்து நாள் தள்ளி இருந்தது. வருகிறவருக்கு முதல் நாளே எல்லாம் தயாராக இருக்கட்டும் என்று முன்கூட்டியே பெட்டி திறந்து வைப்பது எங்கள் வழக்கம். நல்ல வழக்கம்தான். பழையவரை வேறு பொறுப்புக்கு மாற்றப்போவதை மேலிடம் அவரிடம் இன்னும் சொல்லவில்லை என்பது படிவத்தில் எழுதியிருக்கவில்லை. முகவரிப் புத்தகம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டது.

மறுநாள் கூட்டம் கூடியது. "டைரக்டரியில் யார் யாரைப் பார்க்கலாம் என்பதைக் கட்டுப்படுத்த வேண்டும்" என்று முடிவானது. முடிவு ஒரே வரிதான். அந்த வரியின் மேல் அதுவரை தேங்கிக் கிடந்த பழைய மனக்குறை எல்லாம் ஏறிக்கொண்டது. எங்களிடம் இருப்பவை ஒரே உரிமையாளர்களின் இரண்டு நிறுவனங்கள், இரண்டுக்கும் ஒரே அஞ்சல் அமைப்பு. கணக்கு, மனிதவளம், கணினி ஆகிய மூன்றும் இரண்டுக்கும் பொது. ஒப்பந்தப் பணியாளர்கள் தனி. முதல் நிறுவனத்தின் வாடிக்கையாளர் தொடர்பாளர்கள் யார் யார் என்று இரண்டாம் நிறுவனத்தாருக்கு ஏன் தெரிய வேண்டும்? ஒப்பந்தத்தில் வந்தவர் இயக்குநர்களின் கைபேசி எண்ணை ஏன் பார்க்க வேண்டும்? எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் அந்த மதியம் நடந்ததற்கும் இவற்றுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அது எனக்கே வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

எல்லாரும் எல்லாரையும் பார்ப்பது ஏன்

அஞ்சல் அமைப்புகள் அப்படித்தான் பிறக்கின்றன. நிறுவனத்துக்கு ஒரு பட்டியல், உள்ளே வந்தவர் எல்லாருக்கும் அது திறந்தே இருக்கும். மைக்ரோசாஃப்டின் அஞ்சல் சர்வரான எக்ஸ்சேஞ்சில் அதற்குக் குளோபல் அட்ரஸ் லிஸ்ட் என்று பெயர். ஐம்பது பேர் இருக்கும் இடத்தில் இது வரம். ஒரே கூரையின் கீழ் இரண்டு குடும்பங்கள் வாழ ஆரம்பித்த பிறகுதான் தொல்லை.

இதைப் பிரிக்கும் ஆசை புதிதல்ல. எக்ஸ்சேஞ்ச் 2003, 2007 காலத்தில், பயனர் பதிவுகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் ஒவ்வொரு பட்டியலின் மேலும் அனுமதி, மறுப்பு என்று கையால் எழுதிப் பிரித்தார்கள். எக்ஸ்சேஞ்ச் 2010 வந்ததும் அந்த வித்தை பலிக்கவில்லை. அதன் இரண்டாம் சர்வீஸ் பேக் (திருத்தத் தொகுப்பு) 2011 டிசம்பரில் வந்தபோதுதான் அட்ரஸ் புக் பாலிசி என்ற முறையான வசதி கிடைத்தது. இன்று மைக்ரோசாஃப்ட் தன் சர்வர்களில், அதாவது மேகத்தில், நடத்தும் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனிலும் அதுவேதான். நாங்கள் இருப்பதும் அதில்தான்.

ஒரு பாலிசி என்பது நான்கு பொருள்களின் கட்டு: ஒரு குளோபல் பட்டியல், ஒரு ஆஃப்லைன் அட்ரஸ் புக் (கணினியில் இறக்கி வைக்கும் பிரதி), ஒரு கூட்ட அறைப் பட்டியல், அப்புறம் ஒன்றோ பலவோ சாதாரண முகவரிப் பட்டியல்கள். அறைகளே இல்லாத நிறுவனமானாலும் அறைப் பட்டியலைக் கொடுத்தே ஆகவேண்டும், வெறும் பட்டியல் ஒன்றைச் செய்தாவது. இந்தக் கட்டை ஒரு அஞ்சல் பெட்டிக்குக் கொடுத்துவிட்டால், அந்தப் பெட்டிக்காரருக்கு முகவரிப் புத்தகம் என்றால் இவ்வளவுதான். அவர் தன் குளோபல் பட்டியலுக்குள் தானும் இருக்க வேண்டும். மற்ற பட்டியல்களில் வருகிறவர்கள் எல்லாரும் அந்தக் குளோபல் பட்டியலிலும் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் மறந்தால் விசித்திரமான பிழைகள் வரும்.

யாரை மறைப்பது என்று கேட்டது தவறு

முதல் வாரம் நான் செய்த தவறு, பிரிவுத் தலைவர்களிடம் "உங்கள் ஆட்களை யாரிடமிருந்து மறைக்க வேண்டும்?" என்று கேட்டது. அப்படிக் கேட்டால் எல்லாரும் எல்லாரையும் மறைக்கச் சொல்வார்கள். தர ஆய்வுப் பிரிவுக்காரர், தங்களை உற்பத்திப் பிரிவே பார்க்கக் கூடாது என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "போன் போட்டுத் தொந்தரவு பண்றாங்க சார்" என்றார். அதற்கு வேண்டியது வேறு மருந்து.

இரண்டாம் வாரம் கேள்வியைத் திருப்பினேன். "உங்கள் ஆட்கள் ஒரு நாளில் யாரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது?" என்றேன். பதில்கள் அப்படியே மாறிவிட்டன. முதல் நிறுவனத்தாருக்குத் தங்கள் ஆட்களும் பொது அலுவலகமும் போதும். இரண்டாமவர்களுக்கும் அதேபோல. பொது அலுவலகத்துக்கு எல்லாரும் வேண்டும். ஒப்பந்தப் பணியாளருக்குத் தங்கள் குழுவும், ஹெல்ப்டெஸ்க்கும், சம்பளக் கேள்விக்கு ஓர் ஆளும் போதும். ஆக நான்கு பார்வைகள். ஒரு தாளில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, இடப்பக்கம் பார்ப்பவர், மேலே பார்க்கப்படுபவர் என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். அந்தப் பதினாறு கட்டங்களும்தான் வேலையின் முக்கால் பங்கு. மிச்சம் கட்டளைகள்.

யார் எந்தப் பட்டியலில் விழுவார்கள் என்பதை முடிவு செய்ய ஒரு அடையாளம் வேண்டும். 'நிறுவனம்' என்ற கட்டம் ஏற்கெனவே இருக்கிறதே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. எடுத்துப் பார்த்தால் ஒரே நிறுவனத்தின் பெயர் ஐந்து விதமாக எழுதியிருந்தது: 'லிமிடெட்' முழுதாக, 'லிட்' என்று சுருக்கமாக, புள்ளியோடு, புள்ளி இல்லாமல், வெறும் முதலெழுத்துகளாக. தவிர அந்தக் கட்டத்தை மனிதவள மென்பொருள் எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதும். அதனால் கஸ்டம் அட்ரிபியூட் என்று 1 முதல் 15 வரை காலியாகக் கிடக்கும் கட்டங்களில் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, அதில் நான்கே நான்கு குறிச்சொற்கள் மட்டும் வரலாம் என்று வைத்தோம். வேறு எந்த மென்பொருளும் அதைத் தொடக்கூடாது.

நூற்றுக்கணக்கானவர்களில் பதினோரு பேர்

இந்த வேலைக்குத் திரையில் பட்டன் கிடையாது. கட்டளைகளைத் தட்டி இயக்கும் பவர்ஷெல்தான். அதிலும் உள்ளே போனால் தேவையான கட்டளைகளே தெரியாது. அட்ரஸ் லிஸ்ட்ஸ் என்ற பொறுப்பு எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் இயல்பாக யாருக்கும் கொடுக்கப்பட்டிருக்காது, தலைமை நிர்வாகிக்குக்கூட. அதை நாமே ஒரு குழுவுக்குக் கொடுத்து, வெளியே போய் மறுபடி உள்ளே வர வேண்டும். இது தெரியாமல் ஒரு காலைப்பொழுது போயிற்று.

அப்புறம் நடந்ததுதான் பெரிய கூத்து. பொறுப்பாக ஒரு வாரம் உட்கார்ந்து எல்லா அஞ்சல் பெட்டிகளிலும் குறிச்சொல்லை எழுதி முடித்தோம். அடுத்த திங்கட்கிழமை பட்டியல்களை உருவாக்கினோம். வடிகட்டி சரியாக இருந்தது. முன்னோட்டமாகக் கேட்டால் நூற்றுக்கணக்கான பெயர்களைச் சரியாகக் கொடுத்தது. சோதனைக்கு வைத்திருந்த ஒருவரின் அவுட்லுக்கில் மட்டும் முதல் நிறுவனத்தின் பட்டியலில் பதினோரு பேர்தான் இருந்தார்கள்.

யார் அந்தப் பதினோரு பேர்? அரை நாள் குடைந்து பார்த்ததில் தெரிந்தது. பட்டியல் உருவான பிறகு ஏதோ ஒரு காரணத்துக்காக விவரம் திருத்தப்பட்டவர்கள். ஒருவருக்குப் போன் எண் மாறியிருந்தது, ஒருவர் கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றியிருந்தார், இப்படி. எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் ஒரு பட்டியலில் ஆள் சேர்வது அந்த ஆளின் பதிவு தொடப்படும்போதுதான். சொந்த சர்வரில் எக்ஸ்சேஞ்ச் வைத்திருப்பவர்கள் பட்டியலைப் புதுப்பிக்க ஒரு கட்டளை கொடுத்தால் போதும். மேகத்தில் அந்தக் கட்டளையைக் கொடுக்க விடமாட்டார்கள். நாங்கள் குறிச்சொல்லை முதலில் எழுதிவிட்டுப் பட்டியலை அப்புறம் செய்ததுதான் வினை. வரிசையை மாற்றிச் செய்திருந்தால், குறிச்சொல் எழுதும்போதே பதிவு தொடப்பட்டு, ஆள் பட்டியலில் விழுந்திருப்பார்.

தீர்வு கொஞ்சம் அசட்டுத்தனமானது. யாரும் பயன்படுத்தாத 15ஆம் கட்டத்தில் எல்லாருக்கும் 'தொட்டது' என்று ஒரு சொல்லை எழுதி, மறுபடி அழித்தோம். அதற்குப் பின் பட்டியல்கள் நிரம்பின. பெரிய பதவிக்காரர்களிடம் விளக்கும்போது, "எல்லாரையும் தோளில் ஒரு தட்டுத் தட்டினோம் சார், எழுந்து வந்து வரிசையில் நின்றார்கள்" என்றேன். உள்ளபடிக்கும் அதுதான் நடந்தது.

திங்கள் காலையில் காணாமல் போனவை

ஆட்களுக்கெல்லாம் குறிச்சொல் போட்ட நாங்கள், ஆட்கள் அல்லாதவற்றை மறந்துவிட்டோம். விநியோகக் குழுக்கள் (ஒரே முகவரியில் பலருக்கு அஞ்சல் போகும் குழுக்கள்), கூட்ட அறைகள், பொதுப் பெட்டிகள், வெளியாட்களுக்கென்று வைத்திருக்கும் தொடர்புப் பதிவுகள் எல்லாமே முகவரிப் புத்தகத்தின் குடிமக்கள்தான். பாலிசி அமலான முதல் திங்கட்கிழமை முதல் நிறுவனத்தாரின் பார்வையிலிருந்து 'அனைத்து ஊழியர்' குழு மறைந்துபோயிற்று. கூட்ட அறைகளும் போயின. முகவரி தெரிந்தவர்கள் கையால் தட்டி அனுப்பிக்கொண்டார்கள், தெரியாதவர்கள் எங்களுக்குப் போன் போட்டார்கள். பத்து மணிக்குள் சரி செய்துவிட்டோம், மானம்தான் கொஞ்சம் போயிற்று.

குழுக்களில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருந்தது. என்னைக் கேட்டால் இந்தக் கதையிலேயே கவனிக்க வேண்டியது அதுதான். இரண்டு நிறுவனத்தாரும் கலந்த ஒரு திட்டக் குழு இருந்தது. முதல் நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர் அதைத் திறந்து உறுப்பினர்களைப் பார்த்தால், தன் பார்வைக்குள் வருகிறவர்கள் மட்டுமே தெரிவார்கள். அப்படிப் பார்த்த ஒருவருக்கு 14 பெயர் தெரிந்தது. உண்மையில் உறுப்பினர் 31. அஞ்சல் போவது 31 பேருக்கும்தான். பாலிசி கண்ணைத்தான் கட்டுகிறது, அஞ்சலைத் தடுப்பதில்லை. "நம்ம ஆளுங்க மட்டும்தானே இருக்காங்க" என்று நம்பி ஒருவர் விலைப் பேச்சின் விவரத்தை அதில் அனுப்பத் தயாராகிவிட்டார். நல்லவேளையாகச் சந்தேகம் வந்து எங்களிடம் கேட்டார். மறைப்பதற்காகச் செய்த ஏற்பாடே ஒரு ரகசியத்தைத் தானாகக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கும்.

அன்றே கலப்புக் குழுக்களை எல்லாம் எடுத்து, பெயரிலேயே 'இரு நிறுவனம்' என்று சேர்த்தோம். ஒவ்வொன்றுக்கும் மெயில்டிப் என்ற வசதியில் ஒரு வரி எழுதி வைத்தோம். பெறுநர் கட்டத்தில் அந்தக் குழுவைப் போட்டதும், அனுப்புவதற்கு முன்பே, "இதில் இரு நிறுவனத்தாரும் உள்ளனர்" என்று மேலே பட்டையாக வரும். இத்தனை நாள் செய்ததில் மிகக் குறைந்த உழைப்புக்கு மிக அதிகப் பலன் கொடுத்தது இதுதான்.

அதற்கப்புறம் சில்லறைப் புகார்கள். "மறைத்துவிட்டோம் என்றீர்கள், எனக்கு இன்னும் பெயர் வருகிறதே" என்று பலர். அவுட்லுக் தன்னிடம் ஓர் ஆஃப்லைன் பிரதி வைத்திருக்கிறது. அதைப் பொதுவாக நாளுக்கு ஒரு முறைதான் புதுப்பிக்கும். அதனால் வலையில் பார்த்தால் ஒன்று, மேசையில் பார்த்தால் வேறொன்று என்று ஓரிரு நாள் இருக்கும். இன்னொன்று, முன்பு அஞ்சல் அனுப்பிய ஆட்களின் பெயர்களை அவுட்லுக் தனியே நினைவில் வைத்து, இரண்டு எழுத்து தட்டியதும் நீட்டும். அது முகவரிப் புத்தகமே அல்ல, அவரவர் பழக்கத்தின் பட்டியல். அதை அழிக்கச் சொல்லி ஒரு மேலாளர் கேட்டார். நான் மறுத்துவிட்டேன். ஏற்கெனவே அறிந்தவரை மறக்கச் செய்வது கணினிப் பிரிவின் வேலை அல்ல.

எவ்வளவு தூரம் மறைகிறது

நாங்கள் கட்டியது தட்டி. சுவர் எழுப்பவில்லை. இதை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தேன், கொடுத்தும்விட்டேன்.

முகவரி தெரிந்தவர் யாருக்கும் அஞ்சல் அனுப்பலாம். அப்படி அனுப்பினால், பெறுபவரின் திரையில் அனுப்பியவரின் பெயர் மேல் சுட்டியை வைத்ததும் பதவி, போன் எண் என்று அட்டை விரியும். முன்வாசலைச் சாத்திவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த கதை. இதற்கென்று பாலிசி ரூட்டிங் என்ற ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைப் போட்டால் அடுத்த பார்வைக்காரரிடமிருந்து வரும் அஞ்சல் வெளியாள் அனுப்பியதுபோலவே தெரியும், அட்டை விரியாது. சொந்த சர்வரானால் இதற்குத் தனி ஏஜென்ட்டை நிறுவ வேண்டும்.

அரட்டைக்கும் கூட்டத்துக்கும் உள்ள டீம்ஸ் வேறு கதை. அதன் தேடல் இந்தப் பாலிசியை மதிக்க வேண்டுமானால் டீம்ஸ் நிர்வாகப் பக்கத்தில் தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்ட ஒரு வாரம், அவுட்லுக்கில் தெரியாதவர்கள் எல்லாம் டீம்ஸில் ஜாலியாகத் தெரிந்துகொண்டிருந்தார்கள். கோப்புகளை வைக்கும் ஷேர்பாயின்ட்டில் ஒரு கோப்பைப் பகிரப் பெயர் தட்டினால் வரும் பட்டியலும் இந்தப் பாலிசியைக் கேட்பதில்லை. அது நேராக அடியில் இருக்கும், பயனர் பதிவுகளெல்லாம் சேர்ந்த என்ட்ரா டைரக்டரியைக் கேட்கிறது. கொஞ்சம் பவர்ஷெல் தெரிந்த ஊழியர் அந்த டைரக்டரியின் முழுப் பட்டியலையும் இயல்பான அமைப்பில் வாங்கிவிடலாம்.

உண்மையிலேயே ஒருவரையொருவர் தொடர்பு கொள்ளவே கூடாது என்று சட்டம் சொல்லும் இடங்களுக்கு இன்ஃபர்மேஷன் பேரியர் என்ற கடுமையான ஏற்பாடு இருக்கிறது. இல்லையென்றால் இரண்டு நிறுவனங்களையும் இரண்டு தனி டெனன்ட்டாக, அதாவது தனித்தனி அமைப்பாகப் பிரித்துவிடலாம். எங்கள் மேலிடம் இரண்டும் வேண்டாம் என்றது. தேடுகிறவர் கண்ணில் தற்செயலாகப் படாமல் இருந்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு. தெரிந்தே எடுத்த முடிவு, எனக்கு அதில் மறுப்பில்லை.

வேறு அமைப்புகளில் இருப்பவர்களுக்கு: கூகுள் வொர்க்ஸ்பேஸில் கஸ்டம் டைரக்டரி என்று செய்து, எந்த அமைப்புப் பிரிவுக்கு எந்த டைரக்டரி தெரியலாம் என்று சொல்லிவிடலாம். மாணவருக்கு ஆசிரியர் மட்டும் தெரிவது போன்ற தேவைக்கு அது வெகு சுலபம். மாற்றம் பரவ ஒரு நாள் வரை ஆகலாம். ஸிம்ப்ரா என்ற அஞ்சல் அமைப்பில் டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின் வருவது) வேறாக இருந்தாலே பட்டியல் இயல்பாக வேறாகிவிடும். தனி ஆளை மறைக்க ஒரு டிக் போதும். எல்டேப் என்ற டைரக்டரி முறையை நேரடியாக வைத்திருப்பவர்கள் அனுமதி விதிகளின் வரிசையைப் பார்த்து எழுத வேண்டும். ஓப்பன் எல்டேப் மேலிருந்து கீழே படித்து, முதலில் பொருந்தும் விதியோடு நின்றுவிடும்.

எந்த அமைப்பானாலும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, ஒன்றும் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது. எக்ஸ்சேஞ்சில் பாலிசி கொடுக்க மறந்த பெட்டிக்கு எல்லாமே தெரியும். மறதி பூட்டாமல் திறந்து விடுகிறது. அவசரத்தில் திறந்த ஒரு ஒப்பந்தப் பணியாளரின் பெட்டி நான்கு நாள் அப்படி இருந்தது. இப்போது தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) ஓடி, பாலிசி இல்லாத பெட்டிகளையும் குறிச்சொல் இல்லாத பதிவுகளையும் எனக்கு அனுப்புகிறது. பெரும்பாலும் வெறும் அஞ்சலாகத்தான் வரும். வெறும் அஞ்சல் வந்தால் டீ குடிக்கப் போவேன்.

அந்த மதியத்துக்குத் திரும்பினால்

எல்லாம் முடிந்து அறிக்கை எழுதும்போது ஒரு சோதனை செய்தேன். அன்று நடந்ததை இன்றைய ஏற்பாட்டில் மறுபடி ஓட்டினால் என்ன ஆகும்? விற்பனைத் தலைவர் முதல் நிறுவனம். வரப்போகிறவரும் முதல் நிறுவனம். ஒரே பார்வை. அதே இரண்டு வரிகள் அவர் கண்ணில் பட்டிருக்கும். இரண்டு மாத வேலையில் ஒரு துளிகூட அன்றைய சங்கடத்தைத் தடுத்திருக்காது.

அதைத் தடுக்க வேண்டியிருந்தது ஒரு டிக்தான்: முகவரிப் பட்டியல்களிலிருந்து மறை. எக்ஸ்சேஞ்சில் ஆதிகாலம் தொட்டு இருக்கும் வசதி. அதோடு, பதவி, பிரிவு இரண்டையும் சேரும் நாள் வரை காலியாக விடுவது. அப்படி விட்டால் தட்டிக்கு வெளியே ஷேர்பாயின்ட்டிலோ வேறெங்கோ பெயர் எட்டிப் பார்த்தாலும், யாரோ ஒருவர் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. மனிதவளப் படிவத்தில் 'அறிவிக்கும் தேதி' என்று ஒரு கட்டம் சேர்த்தோம். சேரும் தேதியும் அறிவிக்கும் தேதியும் வேறு வேறு என்பதை அதுவரை யாரும் எழுதிக் கேட்டதில்லை.

பெரிய வேலை வீண் என்று சொல்லமாட்டேன். அது வேறு கேள்விக்கு விடை. இரண்டு நிறுவனத்தாரும் இப்போது தங்கள் பட்டியலில் பாதி நேரத்தில் ஆளைக் கண்டுபிடிக்கிறார்கள், தவறான ஆளுக்கு அஞ்சல் போவதும் குறைந்திருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவர், நான் உட்பட, "அன்று சரியாக என்ன தெரிந்தது, யாருக்கு?" என்று கேட்டிருந்தால் முதல் வேலையாக அந்த டிக்கைப் போட்டிருப்போம்.

போன மாதம் கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் என்னிடம் வந்தார். முறைப்படி மறைத்து, பதவியைக் காலியாக விட்டுத் திறந்த பெட்டி. வந்து மூன்று வாரம் ஆகிவிட்டதாம். "சார், நான் இங்க வேலை பார்க்கிறேன்னு யாருமே நம்ப மாட்டேங்கறாங்க. பெயரைத் தேடினா வரலையாம்" என்றார்.

மறைக்க ஒரு கட்டம் வைத்த நாங்கள் காட்டுவதற்கு ஒன்றும் வைக்கவில்லை. ஆறு மணி ஸ்கிரிப்டில் அன்று மாலையே இரண்டு வரி சேர்ந்தது.